சொல்லாமல் விட்ட குருவி

என் கணவர் கொல்லிமலையில் கம்பவுண்டராக இருந்தார். மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன மருந்துக்கூடம். டாக்டர் மாசத்துக்கு ஒருதரம் மலையேறி வருவார். மழைக்காலமானால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் காய்ச்சல்காரர்களுக்குக் கொயினாத் தண்ணி ஊற்றிக் கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். நான் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் காடு தோட்டம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி அவரோடு மலையேறினபோது எனக்குப் பதினேழு வயது. யுத்தம் நடந்த வருஷங்களில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

அவரிடம் ஒரு கேமரா இருந்தது. காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குக் காலில் ஆறாத புண். மூன்று மாசம் தினமும் நடந்துபோய் இவர் கட்டு மாற்றி ஆற்றிவிட்டார். அந்தத் துரை ஊரைப் பார்க்கப் போகும்போது கேமராவையும், பறவைப் படங்கள் போட்ட தடியான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். துருத்தி மாதிரி இழுத்து நீட்டுகிற கேமரா. மூன்று கால் வைத்த ஸ்டாண்டு உண்டு. தூரத்தில் ஒளிந்துகொண்டு அமுக்குவதற்கு நீளமான ரப்பர் குழாயும் உண்டு.

ஒவ்வொரு வருஷமும் தை முதல் தேதி அவர் புது நோட்டு ஒன்று தைப்பார். அந்த வருஷம் கண்ணில் படுகிற ஒவ்வொரு பறவையையும் அதில் எழுத வேண்டும். பார்த்ததோடு சரி என்றால் பென்சிலில். படம் பிடித்து, கழுவி, அச்செடுத்து, அது இன்ன பறவைதான் என்று தெரிந்தால் அதன்மேல் மையால் எழுதுவார். போன வருஷம் பிடித்த குருவி இந்த வருஷக் கணக்கில் சேராது. மறுபடியும் முதலிலிருந்து. வீட்டுக் கூரையில் உட்காருகிற சிட்டைக்கூடப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

"எதுக்குங்க இது?" என்று முதல் வருஷம் கேட்டேன்.

"யாருக்கும் இல்லை. எனக்குத்தான்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாள் பூராவும் காய்ச்சல்காரன் நாக்கையே பாத்துட்டு இருக்கறேன். வேற ஒண்ணும் பாக்கோணுமில்ல," என்றார்.

படத்தில் குருவி கடுகளவுதான் இருக்கும். ஒரு பெரிய மரம், நிறைய ஆகாயம், கிளையில் ஒரு புள்ளி. நான் சிரிப்பேன். அவர் பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்து, "வாலைப் பாரு, வாலைப் பாரு," என்பார். பார்த்தால் கரிச்சான் வாலின் பிளவு துல்லியமாகத் தெரியும்.

படச்சுருள் சேலத்திலிருந்து தபாலில் வர வேண்டும். யுத்தத்தில் அதுவும் அரிதாகிவிட்டது. ஒரு சுருளில் எட்டுப் படம். கழுவுவது மருந்துக்கூடத்துச் சாமான் அறையில், சந்து பொந்தெல்லாம் சாக்கை அடைத்து, லாந்தருக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி. மருந்து அளக்கிற தராசும் கண்ணாடிக் குடுவையும் அங்கேயே இருந்ததால் கைக்கு வசதி. தட்டை ஆட்டுவது என் வேலை. மலைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். விரல் மரத்துப் போகும். படம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்போது அவர் மூச்சு நின்று மறுபடி வருவது எனக்குக் கேட்கும்.

கொயினா கொடுத்த மனுஷருக்கே காய்ச்சல் வந்தது. மலையில் அது யாரையும் விடாது. முதல் தடவை ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார். இரண்டாம் தடவை ஒரு மாசம். மூன்றாவது தடவை ஏறின சூடு இறங்குவதாக இல்லை. அவரே தனக்கு அளவைக் கூட்டிக் கூட்டிக் குடித்தார். "காதுக்குள்ளே வண்டு கத்துது," என்றார். கொயினா குடித்தால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், நின்றதும் சரியாகிவிடும் என்றும் அவரே சொன்னார். காய்ச்சல் நின்றது. வண்டு நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வண்டுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் சாமைக் காடு வைத்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒருநாள் மருந்துக்கூடத்துக்கு வந்து, "வவுத்து வலிங்க, ரெண்டு நாளா," என்றாள். இவர் தலையை ஆட்டிவிட்டு, தைலத்தை எடுத்து, "கழுத்திலே நல்லா தேய்ச்சுக்கோ," என்று கொடுத்தார். அவள் கையில் தைலத்தோடு நேரே என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, கம்பவுண்டர் ஐயாவுக்குக் காது போயிருச்சுங்களா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் சொல்லவில்லை. ஆனால் மலையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் டாக்டர் காதுக்கு ஒருவரும் கொண்டுபோகவில்லை. டாக்டர் வருகிற நாளில் இவர் நோயாளிக் கணக்கை நீட்டிவிட்டு மருந்து கலக்க உள்ளே போய்விடுவார். அன்றிலிருந்து மருந்துக்கூடத்தில் அவர் பக்கத்தில் நான் நின்றேன். வந்தவர்கள் என்னிடம் சொல்வார்கள். நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். ஐந்தாவது வரை படித்தது அதற்கு உதவியது. கத்திச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் விளங்கும்தான். ஆனால் நாலு பேர் முன்னால் புருஷனைப் பார்த்துக் கத்த எனக்கு நா எழவில்லை.

மருந்துக்கூடத்தை இப்படிச் சமாளித்தோம். காட்டை எப்படிச் சமாளிப்பது? அவர் குருவிகளைக் கண்ணால் தேடுகிறவர் இல்லை. சத்தம் வந்த திக்கில் மெதுவாகத் திரும்பி, அசையாமல் நின்று, பிறகுதான் கண்ணை ஓட்டுவார். காது போன பிறகு முதல் தடவை காட்டுக்குப் போனபோது, ஒரு குக்குறுவான் தலைக்குமேல் இருந்து கத்திக்கொண்டே இருந்தது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அவருடைய இடது தோளைத் தொட்டு மேலே காட்டினேன்.

அன்றைக்குத் தொடங்கினது அந்தப் பழக்கம். நான் ஒரு அடி பின்னால் நடப்பேன். இடது தோளில் கை வைத்தால் சத்தம் இடப்பக்கம். வலது தோளில் வைத்தால் வலப்பக்கம். அழுத்திப் பிடித்தால் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, அசையாதே என்று அர்த்தம். அதுவரை எனக்குக் காக்கையையும் குயிலையும் தவிர ஒரு குரலும் தெரியாது. இரண்டு வருஷத்தில் அவருடைய நோட்டில் இருந்தவற்றில் முக்கால்வாசியை நான் காதால் சொல்லிவிடுவேன். பகலில் அவர் என்னைத் தொடமாட்டார், நானும் தொட்டதில்லை. அந்தக் காலத்துப் பழக்கம் அப்படி. காட்டில் மட்டும் என் கை அவர் தோள்மேல் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்று இந்த வயதில் எழுதிவிடலாம்.

ஒரு சித்திரை மாதம், காய்ந்த மரம் ஒன்றின் பொந்தில் இருவாச்சி கூடு வைத்தது. பெண் உள்ளே போய் உட்கார்ந்து பொந்தின் வாயை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். அதன் வழியாக ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். பெண் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கூட்டுக்கு எதிரே நாலு குச்சி நட்டுக் கம்பளியைப் போர்த்தி, அதற்குள் உட்கார்ந்து பத்து நாள் காத்திருந்தோம். மருந்துக்கூடம் காலையில் இரண்டு மணி நேரம்தான் திறந்திருந்தது.

அப்போது என் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கஞ்சிகூட இறங்கவில்லை, உன்னைக் கேட்கிறாள், உடனே வரவும் என்று எழுதியிருந்தான்.

கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்தார். மடித்தார். "ரெண்டு நாள், கண்ணு," என்றார். "இன்னைக்கோ நாளைக்கோ வெளியே வந்துரும். அது வந்ததும் அப்படியே இறங்கிப் போயிரலாம்."

நான் சிலேட்டை எடுக்கவில்லை. எடுத்து, நான் போகிறேன் என்று எழுதியிருக்கலாம். உப்பு ஏற்றிவரும் மட்டக்குதிரைக்காரர்கள் வாரம் இரண்டு தரம் இறங்குவார்கள். அவர்களோடு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். கேட்கவில்லை. நான் போனால் கம்பளிக்குள் அவர் தனியாக உட்கார்ந்து, ஆண் வருகிற சத்தம் தெரியாமல் தவிப்பாரே என்றும் நினைத்தேன். நான் இல்லாமல் அவரால் முடியாது என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதனால் அம்மாவின் விஷயத்தில் பழி முழுவதையும் அவர்மேல் போட எனக்கு வாயில்லை. ஆனால் அப்போது போட்டேன்.

இரண்டு நாள் நாலு நாளானது. நாலாம் நாள் மத்தியானம் பெண் இருவாச்சி பொந்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. இறகெல்லாம் கசங்கி, பறக்கத் தெரியாததுபோல் தடுமாறி உட்கார்ந்தது. அவர் ரப்பர் குழாயை அமுக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் காரவள்ளிப் பக்கம் இறங்கினோம். அங்கிருந்து வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாணி தெளித்து மெழுகியிருந்தது. முந்தின நாள் காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. "வழியையே பாத்துட்டு இருந்துச்சு," என்று மட்டும் சொன்னான்.

மலைக்குத் திரும்பின பிறகு அந்தச் சுருளை அவர் கழுவவில்லை. சாமான் அறையில் டப்பாவுக்குள் அப்படியே கிடந்தது. நான் கேட்பேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. நோட்டில் இருவாச்சி பென்சிலோடு நின்றது. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, நான் அழுது சண்டை போடவும் இல்லை. சமைத்தேன், சிலேட்டில் எழுதினேன், காட்டுக்குப் போனேன், தோளைத் தொட்டேன். எல்லாம் முன்போலவே நடந்தன. என் கை மட்டும் கட்டையாகிவிட்டது. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அந்த ஐப்பசியில் மழைக்கு நடுவே ஆறுமணிக் குருவி வந்தது. வடக்கே எங்கிருந்தோ வரும், கோடை முற்றுவதற்குள் போய்விடும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு தரம் விசிலடிப்பதுபோல் கூப்பிடுவதால் அந்தப் பேர். பச்சை முதுகு, வால் அடியில் ரத்தச் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு அழகான குருவி தரையில்தான் இருக்கும், சருகைக் கிளறிக்கொண்டு, நிழலிலேயே. அத்தனை வருஷத்தில் அதை ஒருதரம்கூட அவர் படம் பிடித்ததில்லை. காது கேட்ட காலத்திலேயே கிடைக்காத குருவி. ஒவ்வொரு நோட்டிலும் அது பென்சிலில் இருக்கும்.

கார்த்திகையில் ஒரு காலை. பலாத் தோப்புக்குள் பக்கம் பக்கமாக நின்றுகொண்டிருந்தோம். ஸ்டாண்டை ஊன்றி, வேறு ஏதோ மின்சிட்டுக்காகக் கேமராவை இடப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். வெயில் அப்போதுதான் சரிவுக்கு மேலே ஏறி, மரங்களுக்கு நடுவே துண்டு துண்டாக விழுந்திருந்தது. எனக்கு வலப்பக்கம் விசில் கேட்டது. இரண்டு சத்தம். மறுபடியும் இரண்டு. நான் தலையைத் திருப்பினேன். பதினைந்து அடி தூரத்தில், வெயில் விழுந்த சருகின்மேல், ஆறுமணிக் குருவி நின்றது. நிழலில் இல்லை, புதரில் இல்லை. நட்ட நடு வெளிச்சத்தில். தலையை உயர்த்தி மூன்றாம் தரமும் கூப்பிட்டது.

என் கை போர்வைக்குள் இருந்தது. வலது தோளில் வைத்து அழுத்தினால் போதும். நான் எடுக்கவில்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது மட்டும் கண்முன்னால் வந்தது. நீயும் காத்துட்டே இரு, என்று அவரைப் பார்த்து நினைத்தேன். அவ்வளவுதான். குருவி சருகைக் கிளறிற்று, ஒரு புழுவை இழுத்து எடுத்தது, இரண்டு தத்துத் தத்தி நிழலுக்குள் போய்விட்டது. பால் பொங்குகிற நேரம்கூட இருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி, "ஏதாச்சும் கேட்டுச்சா, கண்ணு?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் கேமராவை மடக்கி வைத்தார். வீட்டுக்கு வந்தோம்.

மார்கழி இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி. மூத்திரம் கருங்காப்பி நிறத்தில் போயிற்று. கண் மஞ்சளாகிவிட்டது. கம்பவுண்டருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கொயினாப் புட்டியைக் கொண்டுபோனபோது கையால் தள்ளினார். "மூத்திரம் இப்படிப் போனா இனி இது கூடாது," என்றார். மலைக்காரர்கள் டோலி கட்டிக்கொண்டு வந்தார்கள், இரண்டு மணி நேரத்தில் அடிவாரத்தில் இறக்கிவிடுகிறோம் என்று. அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். இந்தக் காய்ச்சலில் ஆளை அசைத்தால் உயிர் தங்காது என்று எனக்கு அவர்தான் விளக்கினார், ஏதோ வேறு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. டாக்டருக்கும் அண்ணனுக்கும் ஆள் போயிற்று.

மறுநாள் காலையில் சூடு கொஞ்சம் தணிந்து தெளிவாக இருந்தார். பக்கத்துக் காட்டுக்காரி கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் சிலேட்டை எடுத்தேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

'பலாத் தோப்பில் அன்றைக்கு ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. கண்ணாலும் பார்த்தேன். வேண்டுமென்றே சொல்லவில்லை.'

அவர் சிலேட்டைக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். உள்ளங்கையால் மெதுவாக அழித்தார்.

"தெரியும், கண்ணு."

நான் சிலேட்டை வாங்கிக்கொண்டேன்.

"உன் தலை திரும்புச்சு. உன்னைப் பாத்துத்தானே எனக்கு எல்லாம். கண்ணோரத்திலே நானும் பாத்தேன். வெயில்லே நின்னுச்சு."

பலப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். யாராவது கேட்டால் கேட்கட்டும் என்று அவர் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினேன். "அப்புறம் ஏனுங்க எடுக்கலை? திரும்பி எடுத்திருக்கலாமில்லீங்க?"

விளங்கியது அவருக்கு.

"எடுத்திருந்தா, நீ சொல்லாம விட்டதை நான் பாத்துட்டேன்னு உனக்குத் தெரிஞ்சு போயிருக்கும்," என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

அம்மாவைப் பற்றி அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்ததும் வாந்தி வந்தது. மத்தியானம் மறுபடியும் நடுக்கல் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் பேசினதெல்லாம் காய்ச்சல் பேச்சு, யாருக்கோ மருந்து அளந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் உச்சிப் பொழுதுக்குப் போய்விட்டார். டாக்டர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். காது விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "நாலு வருஷமாவா?" என்று என்னைக் கேட்டார். சுற்றி நின்ற மலைக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அண்ணன் மறுநாள் வந்தான். மலையிலேயே ஓடையோரமாகக் காரியம் முடிந்தது. புதுக் கம்பவுண்டர் வருமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துக் காட்டுக்காரி என் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்குமிடம் வரை கூட வந்தாள். "அம்மிணி, ஐயா போட்ட கட்டு இன்னம் எங்க ஊட்டுக்காரருக்குக் கையிலே இருக்குதுங்க. அவுக்க மனசு வரலீங்க," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கீழே போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது.

கேமராவை அண்ணன் சேலத்துக்கு எடுத்துப் போனான். வாங்க வந்தவர் சோதித்துப் பார்க்கிறேன் என்று கடை வாசல் வெயிலில் நின்று பின்மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே பாதி எடுத்த சுருள் இருந்தது எனக்குத் தெரியும். அண்ணனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அதில் என்னென்ன இருந்தன என்று நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு மரங்கொத்தி. ஓடையில் குளித்த சின்னான்கள். மற்றவை நினைவில்லை. இருவாச்சிச் சுருள் சாமான் அறையிலேயே தங்கிவிட்டது. புதுக் கம்பவுண்டர் வீசியெறிந்திருப்பார். நோட்டுகளை மட்டும் என் பெட்டியில் கொண்டுவந்தேன்.

அண்ணன் வீட்டில் என் அண்ணி நல்லவள். என்னை ஒரு வேலைக்கும் விடமாட்டாள். ஒருநாள் அவரைக் கொட்டை உரித்துக்கொண்டிருந்தபோது ஆதரவாகத்தான் கேட்டாள்.

"அந்த மலைங்காட்டிலே, ஒரு சினிமா இல்லை, சந்தை இல்லை. ரெண்டு பேரும் அத்தனை வருஷம் என்னதான் பண்ணுனீங்க?"

"மருந்துக்கூடத்து வேலையே சரியா இருந்துச்சுங்க," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். நானும் எடுத்தேன்.